எங்கள் தெரு பாதுகாப்பானதா? ஒரே கேள்விக்கு ஏன் இத்தனை பதில்கள்

கும்பகோணத்தில், காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே உள்ள பழைய தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். சென்ற மார்கழியில் பக்கத்துத் தெருவில் விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் சங்கிலியை, பைக்கில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம் கூடியது.

“நாற்பது வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். வாசலில் வைத்த செம்புகூடக் களவு போனதில்லை. ஒரு சம்பவத்துக்காக ஊரையே பழிக்க வேண்டாம்” என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் எழுந்தார். “சார், ராத்திரி ஒன்பதரைக்கு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, கொல்லைச் சந்து வழியாக ஒருநாள் தனியாக நடந்து பாருங்கள். பிறகு சொல்லுங்கள்.” ஆட்டோ ஓட்டும் தம்பி சிரித்தார்: “அக்கா, பஸ் நிலையத்தில் நிற்கிற எனக்கு நம் தெரு கோயில் மாதிரி.” பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “எல்லாம் வெளியூர்க்காரர்கள் வந்த பிறகுதான்” என்றது.

ஒன்றரை மணி நேரம் பேசினோம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பவில்லை. எனக்கோ, அந்தக் கடைசிக் குரலைத் தவிர, அங்கே பேசிய ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள் என்று தோன்றியது. ஒரே தெருவைப் பற்றி எதிரெதிரான இரண்டு பேச்சுகள் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

மேட்டூரில் தண்ணீர், வயலில்?

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க வெளியிலிருந்து உதாரணம் தேட வேண்டியதில்லை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அணை நிரம்பிவிட்டது என்று செய்தித்தாளில் படிக்கிறோம். அது மெய்யான எண். ஆனால் அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களில் ஓடி, தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை வயலில் ஏறியதா என்பது வேறு கேள்வி. தலைமடை விவசாயி “தண்ணீர் தாராளம்” என்கிறார். கடைமடை விவசாயி “நாற்று காய்கிறது” என்கிறார். இருவருமே தங்கள் வரப்பில் நின்று கண்டதைச் சொல்கிறார்கள்.

பாதுகாப்பும் அப்படித்தான். மூன்று வெவ்வேறு விஷயங்களை நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உண்மையில் நடந்த குற்றங்கள் ஒன்று. அவற்றில் காவல் நிலைய ஏட்டில் ஏறியவை இரண்டாவது. ஒருவர் தன் தெருவில் நடக்கும்போது மனத்தில் உணர்வது மூன்றாவது. ஆசிரியர் முதலாவதைப் பற்றிப் பேசினார், அதுவும் தான் அறிந்த அளவில். ஜவுளிக்கடைப் பெண் மூன்றாவதைப் பற்றிப் பேசினார். செய்தித்தாள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தருகிறது.

ஏட்டில் ஏறுவதும் ஏறாததும்

இந்தியாவில் குற்றக் கணக்கைத் தொகுப்பது 1986இல் தொடங்கப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதன் கணக்கில் அடிக்கடி வரும் சொல் குற்ற விகிதம். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு எத்தனை குற்றங்கள் பதிவாயின என்பதே அது. இதில் “பதிவாயின” என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு திருட்டு எண்ணாக மாறுவதற்குப் பல படிகளைத் தாண்ட வேண்டும். முதலில், பறிகொடுத்தவர் நிலையத்துக்குப் போக வேண்டும். பலர் போவதில்லை. அலைச்சல், வீண்பேச்சு, “நகை திரும்பவா போகிறது” என்ற சலிப்பு, பெண்ணாக இருந்தால் “அந்த நேரத்தில் அங்கே உனக்கென்ன வேலை” என்ற கேள்விக்கான பயம். போனாலும், தமிழ்நாட்டில் முதலில் கையில் கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. அது புகார் பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அந்தச் சம்பவம் குற்றக் கணக்கில் சேரும். ஒரே அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் தேசியக் கணக்கில் அவற்றுள் மிகக் கொடியது ஒன்றுதான் எண்ணப்படும்.

இப்படி வழியிலேயே உதிர்ந்துபோனவற்றை ஆய்வாளர்கள் இருண்ட எண்ணிக்கை என்கிறார்கள்: நடந்தும் ஏட்டில் ஏறாத குற்றங்கள். அவற்றை அறிய வீடு வீடாகப் போய், “கடந்த ஓராண்டில் உங்களுக்கு என்ன நேர்ந்தது” என்று கேட்பதே வழி. பிரிட்டனில் 1982 முதல் இத்தகைய கணக்கெடுப்பு நடக்கிறது.

இந்த இருட்டு எவ்வளவு ஆழமானது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு தடயம் உண்டு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், திருமணமான பெண்களில் 18 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அதே ஆய்வில், உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் உதவி நாடியவர்கள் சுமார் 14 விழுக்காடு மட்டுமே. தெருவின் பாதுகாப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிய எங்கள் கூட்டத்தில், கதவுக்கு உள்ளே நடப்பதை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அது இன்னும் என்னை உறுத்துகிறது.

இன்னொரு தவறான புரிதல்: பதிவு கூடினால் குற்றம் கூடிவிட்டது என்பது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு நிலையத்தில் அதிகாரி மாறி, வரும் புகார்களை எல்லாம் பதிவு செய்யத் தொடங்கினால் அந்த ஆண்டு எண் ஏறத்தான் செய்யும். மக்கள் நம்பிக்கையோடு புகார் கொடுக்க வந்தாலும் ஏறும். ஏறிய எண்ணைப் பார்த்தவுடன் ஊர் கெட்டுவிட்டது என்பவர்கள், எது ஏறியது என்று கேட்க வேண்டும்: குற்றமா, பதிவா?

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி, அப்போது நகராட்சியாக இருந்த கும்பகோணத்தின் மக்கள்தொகை 1,40,156. ஆனால் முகூர்த்த நாளில் பெரிய தெருவில் நடப்பவர்களும், நவக்கிரகக் கோயில்களுக்குப் போக இங்கே தங்குபவர்களும் அந்த எண்ணில் இல்லை. பஸ் நிலையத்தில் அவர்களில் ஒருவர் பறிகொடுத்த பை மட்டும் நம் கணக்கில் சேர்கிறது. கோயில் ஊர்களுக்கும் சந்தை ஊர்களுக்கும் இது எப்போதும் உள்ள பிரச்சினை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொண்டால்: நமக்குக் கிடைக்கும் எண் பதிவின் அளவு. அது நடந்தவற்றின் ஒரு பகுதி. அந்தப் பகுதி பெரியதா சிறியதா என்பது மக்களின் நம்பிக்கையையும் நிலையத்தின் நடைமுறையையும் பொறுத்தது. இனி எண்ணை விட்டு மனத்துக்கு வருவோம்.

ஒரு சோறு பதம் பார்க்கிறோம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது சரியாக வருவதற்குக் காரணம், பானை முழுவதும் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், கிளறிவிட்ட ஒரே சூடு. ஊர் அப்படிக் கிளறிய பானை இல்லை. அதிலிருந்து நம் மனம் எடுக்கும் சோறும் அகப்பையில் தற்செயலாக வந்ததில்லை. அடிப்பிடித்ததைத்தான் மனம் தேடி எடுக்கிறது.

1973இல் ஏமஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் இதை விளக்கினார்கள். ஒரு நிகழ்ச்சி எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகிறதோ, அவ்வளவு அடிக்கடி அது நடப்பதாக மனம் கணித்துக்கொள்கிறது. இதை நினைவுச் சாய்வு என்று அழைக்கலாம். எங்கள் பக்கத்துத் தெருச் சங்கிலிப் பறிப்பு ஒரு வீட்டு சிசிடிவியில் பதிவாகியிருந்தது. பதினான்கு நொடிக் காட்சி. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை, உறவினர் குழுவில் ஒருமுறை, கோயில் கைங்கரியக் குழுவில் ஒருமுறை என்று ஒரே நாளில் எனக்கே ஐந்து முறை வந்தது. நடந்தது ஒன்று, பார்த்தது ஐந்து. மனம் ஐந்தைத்தான் எண்ணிக்கொள்கிறது. காட்சியில் தேதி இல்லாவிட்டால், அடுத்த ஆண்டு அதே காட்சி புதுச் சம்பவமாகவும் வரும்.

இந்தச் சாய்வு உயிரையும் எடுக்கும். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் தமிழ்நாடு முழுவதும் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிட வந்த வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு முதிய பெண்மணியை ஊரார் அடித்தே கொன்றார்கள். அடித்தவர்களும் தங்கள் பிள்ளைகளுக்காகப் பயந்தவர்கள்தான். அந்தப் பயம் எதன்மேல் நின்றது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. நினைவுச் சாய்வைப் பற்றி அறிந்தவுடன், “அப்படியானால் அந்தப் பெண்ணின் பயம் வெறும் பிரமை” என்று முடித்துவிடும் ஆசை வரும். ஆய்வாளர்களும் ஒரு காலத்தில் அந்தத் தவற்றைச் செய்தார்கள். மேலைநாட்டுக் கணக்கெடுப்புகளில் பெண்களும் முதியவர்களும் அதிகம் அஞ்சினார்கள். பதிவான வன்குற்றங்களில் அதிகம் பாதிக்கப்பட்டவர்களோ இளைஞர்கள். எனவே பெண்களின் அச்சம் காரணமற்றது என்று சிலர் எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

அஞ்சுகிறவர் தன்னைக் காத்துக்கொள்கிறார். ஒன்பது மணிக்கு மேல் வெளியே போவதில்லை, சந்து வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார், சங்கிலியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கிறார். குடை பிடித்துப் போனவர் நனையவில்லை என்பதால் மழையே இல்லை என்று சொல்லலாமா? அவர் பறிகொடுத்தவர் பட்டியலில் இல்லாமல் இருப்பதற்கு அந்த அச்சமே காரணமாக இருக்கலாம். அதற்கு அவர் கொடுக்கும் விலையோ எந்த ஏட்டிலும் இல்லை: விட்டுவிட்ட மாலை வகுப்பு, மறுத்துவிட்ட இரவுப்பணி, ஆட்டோவுக்குப் போகும் பணம்.

அடுத்து, அவர் அனுபவிப்பவற்றில் பெரும்பகுதி குற்றக் கணக்கில் வருவதே இல்லை. பின்தொடரும் காலடி, பைக்கை மெதுவாக்கி வீசும் ஒரு சொல், படித்துறையில் உட்கார்ந்து முறைக்கும் கூட்டம். ஆசிரியர் அதே சந்தில் நாற்பது வருடம் நடந்திருக்கிறார். அவருக்கு இவற்றில் ஒன்றுகூட நேர்ந்திருக்காது.

இழப்பின் கனமும் ஆளுக்கு ஆள் மாறும். மூன்று பவுன் சங்கிலி ஒருவருக்குப் பல நகைகளில் ஒன்று. தனியாக வாழும் விதவைத் தாய்க்கு அதுதான் சேமிப்பு. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ஆளில்லை, பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். நேரக்கூடிய வாய்ப்பு இருவருக்கும் சமமாக இருந்தாலும், நேர்ந்தால் எழ முடியுமா என்ற கேள்வி அச்சத்தை வேறாக்குகிறது.

தெருவின் முகம்

நாம் ஒரு இடத்தில் நடக்கும்போது குற்றக் கணக்கைப் படிப்பதில்லை, தெருவைப் படிக்கிறோம். எரியாத விளக்கு, கருவேலம் மண்டிய காலி மனை, உடைந்த மதுப்புட்டி, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டு வாசலில் குவிந்த சருகு. இவை “இங்கே கேட்க ஆளில்லை” என்று சொல்கின்றன. வயலாக இருந்து மனையாக மாறிய புறநகர்ப் பகுதிகளில் அச்சம் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் காரணம்: நான்கு வீடு, நடுவே பத்து காலி மனை, அதற்கப்பால் ஒரு வாய்க்கால்.

1982இல் ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங் ஆகிய இருவர், உடைந்த ஒரு சன்னலைச் சரிசெய்யாமல் விட்டால் மற்றவையும் உடையும், சிறு சீர்கேடுகள் பெருங்குற்றத்தை அழைக்கும் என்று வாதிட்டார்கள். சீர்கேடு அச்சத்தைக் கூட்டும் என்பதில் அதிகம் தகராறு இல்லை. அது குற்றத்தையே உண்டாக்குகிறதா என்பதில் இன்றுவரை ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. அந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டு சிறு தவறுகளுக்கும் கடுமை காட்டிய நகரங்களில் அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

எனக்கு இதைவிட உறுதியாகத் தெரிவது 1997இல் வெளிவந்த சிகாகோ ஆய்வு. ராபர்ட் சாம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் 343 வட்டாரங்களில் 8,782 பேரிடம் கேட்டார்கள்: பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருவில் சுற்றினால் அக்கம்பக்கத்தார் கேட்பார்களா? இங்குள்ளவர்களை நம்பலாமா? ஆம் என்ற பதில் அதிகம் வந்த வட்டாரங்களில், வறுமை போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும், வன்முறை குறைவாக இருந்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் கூட்டுத்திறன் எனலாம்: அண்டை வீட்டார்மேல் நம்பிக்கையும், பொதுநன்மைக்காகத் தலையிடும் மனமும் சேர்ந்தது.

டெல்டாவில் இதற்குப் பழைய பெயர் உண்டு என்பேன். கோடையில் ஊர்கூடி வாய்க்கால் தூர்வாரிய குடிமராமத்து இதுதான். வாய்க்கால் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அடைத்துக்கொண்டால் எல்லோர் வயலும் காயும் என்பது தெரிந்திருந்தது. எங்கள் தெருவில் அந்த வேலையைத் திண்ணை செய்தது. மாலையில் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் தெருவுக்கு நான்கு கண். இன்று பாதித் திண்ணைகளை இடித்து கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டோம். மீதிப் பாதியைக் கம்பிக் கதவு போட்டு அடைத்துவிட்டோம். ஒவ்வொரு வீடும் தன்னளவில் பாதுகாப்பானது; தெருவில் நடப்பவரைப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஆனால் கூட்டுத்திறன் என்ற பெயரில் கூடாத ஒன்றும் நுழையும். அந்தப் பின்வரிசைக் குரல் அதுதான். நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து வரும் தொழிலாளர்களையும், உணவகங்களில் வேலை செய்யும் பிள்ளைகளையும், ஊசிமணி விற்பவர்களையும் சந்தேகப்பட எவருக்கும் ஆதாரம் தேவைப்படுவதில்லை. ஒரு கூட்டத்தையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய சட்டத்தை 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள். சுதந்திர இந்தியா அதை 1952இல் நீக்கியது. சட்டம் போய்விட்டது, பார்வை போகவில்லை. முகத்தைப் பார்த்து அஞ்சுவதால் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை. அந்த மனிதர்களின் பாதுகாப்புதான் குறைகிறது.

சுருக்கமாக: எண் பதிவைச் சொல்கிறது. அச்சத்தை நினைவும், அவரவர் நிலையும், தெருவின் தோற்றமும், அக்கம்பக்கத்தார்மேல் உள்ள நம்பிக்கையும் சேர்ந்து உருவாக்குகின்றன. ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய்யாக்க முடியாது.

கேள்வியை மாற்றிக் கேட்டபோது

“பாதுகாப்பானதா” என்று மொட்டையாகக் கேட்டால் சண்டைதான் வரும். யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதிலிருந்து என்ற நான்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1989இல் கனடாவின் டொரண்டோ நகரில் பெண்கள் அமைப்பு ஒன்று இதற்கு ஒரு எளிய முறையைத் தொடங்கியது. அப்பகுதிப் பெண்களே இருட்டியபின் குழுவாக நடந்து, எங்கே, ஏன் அஞ்சுகிறோம் என்று குறித்துக்கொள்வது. பாதுகாப்பு நடை என்று சொல்லலாம். பிறகு இந்தியா உட்படப் பல நாடுகளில் அது பரவியது.

தை பிறந்தபின் நாங்களும் செய்தோம். தெருவின் வரைபடத்தை ஒரு சார்ட் அட்டையில் வரைந்து, அஞ்சும் இடத்தில் ஆண்கள் நீலமும் பெண்கள் சிவப்பும் பொட்டு வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. நீலப் பொட்டுகள் எல்லாம் வீட்டு வாசலிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் இருந்தன. கொல்லைச் சந்தில் ஒரு நீலமும் இல்லை, பதினொரு சிவப்பு. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அட்டையை நெடுநேரம் பார்த்தார். அன்று இரவே ஒன்பதரைக்குப் பஸ் நிறுத்தத்துக்குப் போய், அந்தப் பெண்ணோடு சந்து வழியாக நடந்து வந்தார். “ஐந்து கம்பத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை. எனக்கு இது தெரியவே தெரியாதம்மா” என்று மறுநாள் அவரிடம் சொன்னார்.

மனுவை அவரே எழுதினார். “தெருவில் வெளிச்சம் இல்லை” என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. கம்பத்தின் எண், எந்த வீட்டுக்குப் பின்புறம், எத்தனை நாளாக எரியவில்லை என்று எழுத வேண்டும். புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ள வேண்டும். அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181 என்ற எண்களைச் சந்தின் இரு முனையிலும் எழுதி வைத்தோம். 181ஐக் கதவுக்கு உள்ளே இருப்பவர்களும் அழைக்கலாம் என்பதை அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன்.

ஐந்து விளக்குகளில் இரண்டு இப்போது எரிகின்றன. மற்ற மூன்றுக்காகத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மறுபடியும் மனு கொடுக்கப் போகிறோம். ஜவுளிக்கடையில் அன்றைக்கு அரைநாள் விடுப்பு சொல்லியாயிற்று.